இடக்கண் பதிப்பு

கோட்டின் நிறம் என்ன என்பதில்தான்
பதினோரு வருடமாக எங்களுக்குச் சண்டை.

உறைந்த ஏரியில் ஒருத்தி நடந்து போகிறாள்.
நான்கு நிமிடம். வசனம் இல்லை.
தொலைக்காட்சியிலிருந்து இல்போ பிடித்த வீடியோ கேசட்டில்
அவள் கோட்டு செங்கல்.
திரையின் அடியில் புயல் எச்சரிக்கை ஓடும்,
என்றோ அடித்து ஓய்ந்த புயல்.
செங்கல் என்பதில் வழக்கில்லை.
பிறகு டிவிடி வந்தது, ப்ளூ-ரே வந்தது,
மூல நெகட்டிவிலிருந்து புதுப்பித்தது என்று
தடித்த அட்டைப்பெட்டியில் இன்னொன்றும் வந்தது.
துரு என்றேன் நான்.
பீட்ரூட் என்றான் இல்போ.

கட்டம் போட்ட குறிப்பேடு வைத்திருக்கிறேன்.
கடைசிப் பக்கத்தில் என் கையெழுத்து:
‘ஒவ்வொரு வெளியீட்டிலும்
பனியில் மஞ்சள் கூடிக்கொண்டே போகிறது.
ஆய்வகத்தின் தவறு.’
இரண்டு அடிக்கோடு.

ஒலி தனி வழக்கு.
பழையதில் ஒற்றைத் தடம்.
காலடி, காற்று, பனிப்பாளம்
எல்லாம் ஒரே துவாரத்தில் முண்டியடித்து வரும்.
புதியதில் ஆறாகப் பாகம் பிரித்துவிட்டார்கள்,
பனி விரிசல் விடுவது சோபாவுக்குப் பின்னால்.
முதல் தடவை கேட்ட ரைலியின் பூனை
அலமாரியில் ஏறி விடியும்வரை இறங்கவில்லை.
“ஏரி முன்னால் கிடக்கிறது,
விரிசல் ஏன் சமையலறையில்?” என்றான் இல்போ.
தம்பெரே பேருந்துப் பணிமனையில் முப்பது ஆண்டு
சத்தத்தை வைத்தே பழுது கண்டவன்.
அவன் காதை நான் மறுத்துப் பேசுவதில்லை.
கண்ணைத்தான்.

நவம்பரில் வலக்கண்ணில் புரை எடுத்தார்கள்.
பதினைந்து நிமிடம்.
டாக்டர் லெம்பியைனென்
வானொலியில் ஹாக்கி கேட்டபடியே செய்தார்.
மறுநாள் கட்டைப் பிரித்தபோது
நர்ஸின் மேலங்கி கண்ணைச் சுட்டது.
அவ்வளவு வெள்ளை.

பனிப் பூட்ஸைக்கூடக் கழற்றாமல்
வட்டைப் போட்டேன்.
வலக்கண்: பீட்ரூட்.
வலதை மூடி இடதால் பார்த்தேன்: துரு.
பீட்ரூட். துரு.
பீட்ரூட்.
அதற்குள் காட்சி முடிந்துவிட்டது.

ஆய்வகம் தவறு செய்யவில்லை.
மஞ்சள் எனக்குள் ஏறியிருக்கிறது,
காபிக் குவளையின் உள்பக்கத்தில் கறை ஏறுவதுபோல,
கழுவுகிறவனுக்கே தெரியாமல்.
அந்த வரியை அடித்துவிடலாம் என்று பேனாவைத் திறந்தேன்.
பேனாவும் இரண்டு நீலம்.

இல்போ சிரித்திருக்கலாம். சிரிக்கவில்லை.
அதுதான் கஷ்டமாக இருந்தது.
ஏலக்காய் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே
“மார்ச்சில் இன்னொரு கண்ணும் போய்விடுமே” என்றான்.
சரியாகிவிடுமே என்று சொல்லவில்லை.

இப்போது வியாழன்தோறும்
ரைலியின் கழுத்துத்துணியை வலக்கண்ணில் கட்டிக்கொண்டு
அலமாரியில் உள்ள அத்தனையையும்
முதலிலிருந்து பார்க்கிறேன்.
குறிப்பேட்டில் புதிய பத்தி: இடக்கண்.
இனி எந்தக் கடையிலும் கிடைக்காது.
பிரதி ஒன்றே ஒன்று,
கெடு மார்ச் பன்னிரண்டு.
இல்போ பக்கத்தில் உட்கார்ந்து
“இப்போது என்ன நிறம்?” என்று கேட்கிறான்,
நான் சொல்வதை அப்படியே எழுதுகிறான்.
சண்டை போடுவதில்லை.

நேற்று ரைலி துணி மடித்தபடி
திரையைப் பார்த்துக் கேட்டாள்:
“அவள் அக்கரை போய்ச் சேர்கிறாளா?”

ஏரிக்குப் பிறகு ரயில் வரும். நிலையம் வரும்.
கோட்டு அதற்குப் பிறகு வருவதில்லை.
நானும் இல்போவும்
ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.
அதற்குக் குறிப்பேட்டில் கட்டமே போடவில்லை.

படத்தை நிறுத்தி வைத்திருந்தோம்.
சன்னலுக்கு வெளியே நேசியார்வி ஏரி
ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு
நீளமாக ஒருமுறை விரிசல் விட்டது.
பூனை அசையவில்லை.
இல்போ விரலை உயர்த்தினான்.
“ஒற்றைத் தடம்” என்றான்.